மேசையை எடுத்துவிட்டு நடத்திய பெற்றோர் கூட்டங்கள்

சென்ற மாதம் பீனா போன் செய்தாள். நான் கணக்கு ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நடுநிலைப் பள்ளியில் இப்போது அவள் ஏழாம் வகுப்புக்கு வகுப்பாசிரியை. வேலையில் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லை. எடுத்த எடுப்பிலேயே பதற்றம் தெரிந்தது.

“சாரே, வாற சனிக்கிழமை பெற்றோர் கூட்டம். ஆளுக்கு அஞ்சு நிமிஷம்னு பிரிச்சு வாட்ஸ்அப்புல போட்டாச்சு. மார்க்கும் முன்கூட்டியே அவங்க போனுக்குப் போயிரும். அப்பம் நான் என்னத்த பேச?”

“மார்க்கு போயிட்டுன்னா நல்லதுதானே. அதைப் பேச வேண்டாம்லா.”

“அதை விட்டா வேற என்ன சாரே இருக்கு?”

அவள் விளையாட்டாகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரியாமல் கேட்டாள். போனில் தோன்றிய இரண்டொரு வார்த்தை சொன்னேன். வைத்த பிறகு, சொன்னது போதாது என்று பட்டது. அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

எனக்கும் இதையெல்லாம் யாரும் சொல்லித் தந்ததில்லை. பயிற்சிக் கல்லூரியில் பாடக்குறிப்பு எழுதக் கற்றுத்தந்தார்கள், கரும்பலகையில் கோணாமல் எழுதக் கற்றுத்தந்தார்கள், கடைசி பெஞ்சுவரை குரல் போக வேண்டும் என்றார்கள். ஒரு பிள்ளையின் அப்பா அம்மா எதிரே வந்து உட்கார்ந்தால் வாயைத் திறந்து முதலில் என்ன சொல்வது என்பது எந்தப் பாடத்திலும் இல்லை. வேலைக்கு வந்த பிறகு மற்றவர்கள் செய்ததைப் பார்த்து நானும் செய்தேன். மேசைக்குப் பின்னால் நாங்கள், முன்னால் பெற்றோர் வரிசை. “கணக்குல வீக்கா இருக்கான், கொஞ்சம் கவனிச்சுக்கிடுங்க” என்போம். அப்பா உடனே பையனைப் பார்த்து முறைப்பார். “ரெண்டு போடுங்க சாரே, நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்” என்பார். கையெழுத்துப் போடுவார். அடுத்த ஆள் வருவார். சாயங்காலத்துக்குள் முடிந்துவிடும். எல்லாருக்கும் நிம்மதி.

ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பெற்றோரோடு பேசுவது தனி விஷயம். ஐந்தாம் வகுப்புவரை பள்ளிக்கூடத்தில் நடந்ததையெல்லாம் வீட்டுக்குப் போய் அப்படியே கொட்டிவிடும் பிள்ளை, ஆறாம் வகுப்பில் பாதியைத்தான் சொல்லும். ஏழாம் வகுப்பில், “இன்னைக்கு என்ன நடந்துச்சு?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல” என்று ஒரு சொல்லில் கதவைச் சாத்திவிடும். வீட்டில் நடப்பது எங்களுக்குத் தெரியாது, இங்கே நடப்பது வீட்டுக்குத் தெரியாது. இரண்டையும் அறிந்த ஒரே ஆள் அந்தப் பிள்ளை. அது வாயைத் திறக்காது. இது எனக்குப் புரிய ஞானசுந்தரி டீச்சர் வரவேண்டியிருந்தது.

அவர் பூதப்பாண்டிப் பக்கம் இருந்த எங்கள் பள்ளிக்குத் தலைமையாசிரியையாக வந்தபோது நான் ஓரளவு மூத்த ஆசிரியன்தான். மெலிந்த உருவம், கஞ்சி போட்ட பருத்திச் சேலை, வெயிலோ மழையோ கையில் ஒரு குடை. யாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டு அனுப்ப மாட்டார். பேச வேண்டுமென்றால் அவரே வகுப்பு வாசலுக்கு வந்து நிற்பார். பாடம் முடியும்வரை நிற்பார். முதலில் எங்களுக்கு அது பெரிய சங்கடமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

அவருடைய முதல் பெற்றோர் கூட்டத்தன்று காலையில், பியூனைக் கூப்பிட்டு ஹாலில் கிடந்த மேசைகளையெல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொன்னார். வெறும் பெஞ்சுகள் மட்டும் இருந்தன. அவற்றையும் எதிரெதிராகப் போட விடவில்லை, சற்றே சாய்வாக, பக்கத்தில் பக்கத்தில் இருக்கும்படி போடச் செய்தார். சமூக அறிவியல் ஆசிரியருக்குப் பொறுக்கவில்லை.

“மேசை இல்லாம எங்க வச்சு டீச்சர் எழுத?”

“எழுத வேண்டாம் சார். அவிய சொல்லத கேளுங்க. மறந்து போச்சுன்னா பிறவு என்கிட்ட வந்து கேளுங்க, நான் ஞாபகம் வச்சிருப்பேன்” என்றார்.

அதற்கு முன்னால் கூட்டம் வெள்ளிக்கிழமை மத்தியானம் நடக்கும். அவர் அதைச் சனிக்கிழமை பின்னேரத்துக்கு மாற்றினார். எங்கள் பிள்ளைகளின் பெற்றோரில் பாதிப்பேர் வயல் வேலைக்குப் போகிறவர்கள், மீதிப்பேர் தோவாளைச் சந்தைக்குப் பூ கொண்டுபோகிறவர்கள், கடை வைத்திருப்பவர்கள். அறுப்புக் காலத்தில் தேதியையே தள்ளி வைத்தார். “வரலைன்னு குறை சொல்லதுக்கு முன்னாடி, வரக்கூடிய நேரமா பாத்து கூப்பிடணும்லா?” என்றார்.

கூட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்க எங்களுக்குப் பரீட்சைதான். சாப்பாட்டு நேரத்தில் வந்து பக்கத்தில் உட்காருவார். ஒரு பிள்ளையின் பெயரைச் சொல்வார். “இவனைப் பத்தி மார்க்கைத் தவிர ஒண்ணு சொல்லுங்க.”

பிரபு என்று ஒரு பையனைப் பற்றி என்னிடம் கேட்டார். “நல்ல பையன் டீச்சர்” என்றேன்.

“அது யாருக்கும் சொல்லலாம். நீங்க கண்ணால கண்டது என்ன?”

 மறுநாள் வகுப்பில் அவனைக் கவனித்துப் பார்த்தேன். ஒரு விஷயம் கண்ணில் பட்டது. கணக்கு தப்பாக வந்தால் மற்றவர்களைப்போல அவன் அதை அழிப்பதில்லை. தப்பை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் மறுபடியும் போட்டு, எங்கே பிசகியது என்று இரண்டையும் வைத்துப் பார்க்கிறான். கூட்டத்தில் அவன் அம்மாவிடம் இதைத்தான் முதலில் சொன்னேன். அந்த அம்மா மகனைத் திரும்பிப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் நினைவிருக்கிறது.

“அவனுக்க அப்பாவும் அப்படித்தான் சாரே. ஒண்ணு கெட்டுப்போச்சுன்னா தூர எறியமாட்டாரு, பிரிச்சுப் போட்டுக்கிட்டு இருப்பாரு” என்றவர், நான் கேட்காமலே தொடர்ந்தார். “ஆனா சாரே, வகுத்தல் கணக்கு வந்தா வயிறு வலிக்குன்னு படுத்துக்கிடுவான். அது பயமா மடியான்னு எனக்குத் தெரியல.”

அது பயம்தான். நான் அதுவரை மடி, வெறும் சோம்பல், என்று நினைத்திருந்தேன். பையனிடம் நல்லதாக ஒன்றைக் கண்டு சொன்னவனிடம்தான் ஒரு தாய் தன் கவலையைச் சொல்வாள் என்பது அன்று தெரிந்தது.

டீச்சர் சொன்ன இன்னொரு விஷயம், பள்ளி என்ன செய்யப்போகிறது என்பதை முதலில் சொல்லாமல், வீட்டில் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக்கூடாது என்பது. “கவனிச்சுக்கிடுங்க” என்ற சொல்லை அவர் அறவே தடை செய்துவிட்டார். “காலத்த வயலுக்குப் போயிட்டு சாயங்காலம் வாற மனுஷி எதைக் கவனிக்க? என்ன செய்யணும்னு சொல்லுங்க, அவளால முடியுதது ஒண்ணு மட்டும் சொல்லுங்க.”

எல்லாவற்றையும்விட எனக்குப் பயன்பட்டது, பேசி முடித்த பிறகு பெற்றோரோடு வாசல்வரை நடந்து போக வேண்டும் என்று அவர் சொன்னது. “பெஞ்சுல இருக்கும்போது நாம கேட்டதுக்குப் பதில் சொல்லுவாவ. உள்ளதை வாசல்ல வச்சுதான் சொல்லுவாவ” என்பார்.

அது எவ்வளவு சரி என்பதை ஒரு அரிசி ஆலையில் மூட்டை தூக்கும் அப்பா எனக்குக் காட்டினார். அவர் மகன் வீட்டுப்பாட நோட்டை வீட்டில் வெளியே எடுக்கவே பயப்படுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். பெஞ்சில் இருந்தவரை தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். வாசலுக்கு வந்து செருப்பைப் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

“சாரே, எனக்கு வாசிக்கத் தெரியாது. நீங்க செவப்பு மையில எழுதி விடுததைப் பாத்தா, அது நல்லதா கெட்டதான்னு தெரியாது. தப்பு செஞ்சிருப்பான்னு நெனச்சு ரெண்டு குடுத்துருவேன்.”

அதற்கு முந்தைய வாரம் நான் அந்த நோட்டில் எழுதி விட்டிருந்தது, ‘மிக நன்று’.

அன்றிலிருந்து அந்தப் பையனின் நோட்டில் எழுதுவதை நிறுத்தினேன். நன்றாகச் செய்தால் பக்கத்தின் மூலையில் ஒரு பூ வரைந்துவிடுவேன். சரியில்லையென்றால் எதுவும் இருக்காது, அதை நானும் அவனும் பேசிக்கொள்வோம். கொஞ்ச நாளில் அந்த அப்பா ஆலைக்குப் போகும் வழியில் பள்ளி வாசலில் சைக்கிளை நிறுத்தி, “இன்னைக்குப் பூ உண்டா சாரே?” என்று கேட்க ஆரம்பித்தார்.

இனி அபிஷாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் வேலை நாட்களில் என்னை மிகவும் உலுக்கியது அவள் விஷயம்தான்.

அபிஷா அப்போது ஏழாம் வகுப்பு. நான் வகுப்பாசிரியர். அவள் அப்பா வைகுண்டமணி ஜங்ஷனில் தையல் கடை வைத்திருந்தார். அம்மா செல்வி வீட்டில் இருந்து பூ கட்டிக் கொடுப்பார். இருவருக்கும் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் கிடையாது. வைகுண்டமணி காது கேளாதவர்களுக்கான பள்ளியில் ஐந்தாவதுவரை படித்தவர். கையெழுத்துப் போடுவார், பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிப்பார், அதற்கு மேல் வராது. செல்வி பள்ளிக்கூடம் போனதே இல்லை. ஒரே மகள் அபிஷாவுக்கு நன்றாகக் காது கேட்கும். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள், ஆனால் சூட்டிகையான பெண்.

அந்தப் பருவத்தில் அவள் நிறைய விடுப்பு எடுத்திருந்தாள். கணக்கில் நன்றாக இருந்தவள் இயற்கணிதத்தில் விழுந்துவிட்டாள்.

கூட்டத்துக்கு மூவரும் கல்யாண வீட்டுக்கு வருவதுபோல வந்தார்கள். வைகுண்டமணி அவரே தைத்த வெள்ளைச் சட்டையில், மடிப்புக் கலையாமல் இருந்தார். செல்வி தலை நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தார். அபிஷா இருவருக்கும் நடுவில் உட்கார்ந்தாள். “சொல்லுங்க சார், நான் சொல்லுதேன்” என்றாள், ஏதோ ஆபீசில் வேலை பார்க்கிற பெண்ணைப்போல.

வழக்கம்போல நான் கண்ணால் கண்டதை முதலில் சொன்னேன். பக்கத்தில் இருக்கிற பிள்ளைக்குக் கணக்கு விளங்கவில்லையென்றால் அபிஷா விடையைக் காட்டமாட்டாள், அந்தப் பிள்ளைக்குப் புரியும்வரை வேறு வேறு விதமாகச் சொல்லிப் பார்ப்பாள். அவள் கைகள் அதைச் சொல்லின. பிறகு, நிறைய விடுப்பு எடுக்கிறாள், இயற்கணிதம் நடத்திய நாட்களில் அவள் இல்லவே இல்லை, இப்படிப் போனால் எட்டாம் வகுப்பில் மிகவும் கஷ்டப்படுவாள் என்று விவரமாகச் சொன்னேன். அவள் கைகள் மறுபடி அசைந்தன, சீக்கிரம் நின்றுவிட்டன.

இருவர் முகமும் மலர்ந்தது. வைகுண்டமணி எழுந்து என் கைகளைத் தன் இரு கைகளாலும் பற்றிக்கொண்டார். செல்வி ஒரு இலையில் சுற்றிய பூவைத் தலைமையாசிரியைக்கென்று பெஞ்சில் வைத்தார். வாசல்வரை கூடப் போனேன். அங்கே அவர்கள் சொல்வதற்கு ஏதாவது இருந்திருக்கலாம். என்னிடம் சொல்ல அவர்களுக்கு வழியில்லை.

திரும்பி வந்தபோது அடுத்த பெஞ்சில் இருந்த ஞானசுந்தரி டீச்சர் அந்தப் பூவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்:

“தாணு சார், லீவைப் பத்திச் சொன்னீங்களா?”

“சொன்னேன் டீச்சர்.”

“அதுக்கா அவிய இவ்வளவு சந்தோஷப்பட்டாவ?”

எனக்கு அப்போதுதான் உறைத்தது.

“அவளைக் கூப்பிட்டு நிறுத்தி விசாரிக்காதீங்க. ஏதாவது செஞ்சிட்டிருக்கும்போது பக்கத்துல போய் இருங்க. கேட்டுட்டு, பிறவு சும்மா இருங்க. நிறைய நேரம் சும்மா இருக்க வேண்டி வரும்” என்றார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு இடைவேளையில் அபிஷா விட்டுப்போன பாடங்களை எழுதிக்கொண்டிருந்தாள். எதிர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு கணக்கு சொல்லிக் கொடுத்தேன். பிறகு கேட்டேன்.

“மக்கா, சனிக்கிழமை நான் லீவைப் பத்திச் சொன்னேன்லா. அப்பாட்ட என்ன சொன்ன?”

பென்சில் நின்றது. நான் சும்மா இருந்தேன். வெளியே பிள்ளைகள் கை கழுவும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

“சார் என்னைய நல்லாப் படிக்குதேன்னு சொல்லுதாருன்னு சொன்னேன்” என்றாள்.

“ஏன்?”

“வேற எப்படி சார் சொல்ல? கரண்ட் ஆபீசு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எல்லாத்துக்கும் நான்தான் கூடப் போணும். இன்னைக்கு ஸ்கூல்ல பாடம் கிடையாது, விளையாட்டுதான்னு சொல்லிருவேன். பாடம் போவுதுன்னு தெரிஞ்சா அப்பா என்னைக் கூட்டிட்டே போமாட்டாரு. அப்பம் அவங்களுக்கு யாரு பேசுவா?”

“சித்தப்பா பக்கத்துலதானே இருக்காரு?”

“அவரு அப்பா அம்மாட்ட ஒண்ணும் கேக்கவே மாட்டாரு சார். அவரே எல்லாத்துக்கும் சரின்னு சொல்லிட்டு வந்துருவாரு. பிறவு அம்மா இருந்து அழுவா.”

  அவள் தானாகவே மேலே பேசினாள். குனிந்தபடி, பெஞ்சின் மரத்தைப் பென்சிலால் தேய்த்துக்கொண்டே பேசினாள்.

அம்மாவுக்கு வெகுநாளாக அடிவயிற்றில் வலி. பள்ளி திறந்த சமயத்தில் நாகர்கோவிலில் ஒரு டாக்டரிடம் போயிருக்கிறார்கள். ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டு அவர், கர்ப்பப்பையில் கட்டி இருக்கிறது, ஆபரேஷன் செய்ய வேண்டும், தள்ளிப்போடக் கூடாது என்று சொல்லியிருக்கிறார். அடுத்த தடவை பெரியவர்கள் யாரையாவது கூட்டிக்கொண்டு வா என்றும் சொல்லியிருக்கிறார்.

“அம்மாட்ட நீ என்ன சொன்ன?”

“மாத்திரை தின்னா சரியாப் போவும்னு சொன்னேன்.”

பிறகு, என்னை முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள்.

“கட்டிங்கதுக்கு எப்படிக் கை காட்டணும்னு எனக்குத் தெரியும் சார். கை வரல.”

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. பள்ளி திறந்த நாளிலிருந்து அதைத் தனியாக வைத்துக்கொண்டு, காலையிலும் சாயங்காலமும் அம்மாவுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுத்து, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பார்த்து வலி குறைகிறதா என்று தேடிக்கொண்டிருந்திருக்கிறாள். நடுவில் நான் ஏ ஸ்கொயர், பி ஸ்கொயர் என்று எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

“இனிமே இதை நீ தனியா வச்சுக்கிட வேண்டாம். எச்.எம். டீச்சர்கிட்ட நான் சொல்லட்டா?” என்று கேட்டேன்.

“அப்பாட்ட அவங்க சொல்லிருவாங்களா?”

“உன்கிட்ட கேக்காம சொல்ல மாட்டோம்.”

அவள் தலையசைத்தாள்.

ஞானசுந்தரி டீச்சர் நான் சொன்னதைக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். உடனே சித்தப்பாவுக்கு ஆள் அனுப்பிவிடலாமா என்று கேட்டேன்.

“சீக்கிரம் செய்யணும். நாளைக்கே செய்யணும். ஆனா சித்தப்பா வேண்டாம். அவிய ரெண்டு பேருக்கும் நேரா விளங்கணும். இன்னொண்ணு, நாம அவளைக் காட்டிக் கொடுத்த மாதிரி ஆகிரப்படாது. அவ வாயாலயே...” என்று ஆரம்பித்து நிறுத்தினார். “அவ கையாலயே சொல்லட்டும்” என்றார்.

அன்று மாலையே தனக்குத் தெரிந்தவர்கள் மூலம் விசாரித்து, காது கேளாத பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் மெர்லின் என்ற ஆசிரியையைப் பிடித்தார். அபிஷாவிடமும் தனியாகப் பேசினார். என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. வெளியே வந்தபோது அவள் முகம் வெளிறியிருந்தது, ஆனால் அழவில்லை.

மறுநாள் பின்னேரம் ஹாலில் நாங்கள் ஆறு பேர். டீச்சர்தான் ஒவ்வொருவரும் உட்கார வேண்டிய இடத்தைக் காட்டினார். அப்பாவும் அம்மாவும் சேர்ந்து, அம்மாவுக்குப் பக்கத்தில் அபிஷா, அவர்களுக்கு எதிரே மெர்லின். மெர்லின் கையசைத்து வணக்கம் சொன்னதும் வைகுண்டமணியின் முகத்தில் வந்த ஆச்சரியத்தைச் சொல்லி முடியாது. பள்ளி நாட்களுக்குப் பிறகு அவர் மொழியைப் பேசும் வெளியாளை அவர் பார்த்ததே இல்லை போலும். செல்வியின் சைகைகள் வீட்டிலேயே உண்டானவை, மெர்லினுக்குச் சில பிடிபடவில்லை. அந்த இடங்களில் வைகுண்டமணி நடுவில் புகுந்து விளக்கினார்.

டீச்சர் அபிஷாவிடம் திரும்பினார்.

“இன்னைக்கு நீ யாருக்காகவும் பேசாண்டாம் மக்கா. அதுக்கு மெர்லின் டீச்சர் இருக்காங்க. உனக்குச் சொல்ல உள்ளதை மட்டும் சொல்லு.”

அபிஷா அம்மாவைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாள். அவள் கைகள் எழுந்தன. மெர்லின் அதை எங்களுக்குச் சொல்ல வாயெடுத்தார். டீச்சர் கையைக் காட்டித் தடுத்துவிட்டார்.

“வேண்டாம். அது அவிய வீட்டுப் பேச்சு.”

எனக்கு ஒன்றும் புரியாது என்றாலும், எந்த இடத்தில் அதைச் சொன்னாள் என்பது புரிந்தது. அவள் வலது கை வயிற்றுக்கு முன்னால் வந்து, கொஞ்சம் தயங்கி, மெதுவாக மூடிக்கொண்டது. வைகுண்டமணி சட்டென்று எழுந்தார்.  அவர் யார் பக்கமும் வராமல் ஜன்னலுக்குப் போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கூப்பிட்டாலும் அவருக்குக் கேட்காது. யாராவது போய்த் தொட வேண்டும். யாரும் எழுந்திருக்கவில்லை.

செல்வி கணவர் பக்கம் பார்க்கவே இல்லை. மகளின் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் நிமிர்த்தினார். பிறகு மெதுவாக, ஒவ்வொன்றாகச் சொன்னார். மெர்லினின் கண் கலங்கிவிட்டது.

“செல்வி சொல்லதை நாங்களும் தெரிஞ்சுக்கிடலாமான்னு கேளுங்க” என்றார் டீச்சர்.

செல்வி தலையசைத்தார். மெர்லின் சொன்னார்:

“எனக்கு அன்னைக்கே தெரியும். அந்த டாக்டருக்க மூஞ்சியப் பாத்தேன். மாத்திரை குடுக்கதுக்கு யாரும் மூஞ்சிய அப்படி வைக்கமாட்டாவ. நீ பயந்து போயிருந்த. உன்னைய அதைச் சொல்ல வைக்கண்டாம்னுதான் நானும் கேக்கல.”

அபிஷா அம்மாவின் மடியில் முகத்தைப் புதைத்து வாய்விட்டு அழுதாள். ஹால் முழுக்கக் கேட்கும் அழுகை. செல்விக்கு அது கேட்காது. மகளின் முதுகில் கையை வைத்திருந்தார், அது குலுங்கக் குலுங்கத் தடவிக்கொடுத்தார், குலுக்கம் அடங்கும்வரை எடுக்கவில்லை.

வைகுண்டமணி முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்தார். டாக்டரிடம் நாளைக்கே போக வேண்டும், இந்த டீச்சர் கூட வருவார்களா என்று கேட்டார். மெர்லின், வருகிறேன் என்று காட்டினார்.

கூட்டம் முடிந்தது என்று நினைத்து நான் எழுந்தேன். செல்வி என்னைப் பார்த்துக் கையை அசைத்து உட்காரச் சொன்னார்.

அவர் தொடர்ந்து கையால் சொன்னதைப் பார்த்து மெர்லினுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “அன்னைக்கு அவங்க மகளைப் பத்தி நீங்க சொன்னதையும் இப்பம் முழுசாச் சொல்லணும்னு கேக்காங்க சார். உங்க மூஞ்சியும் பாராட்டுத மூஞ்சியா இல்லையாம்.”

எல்லாரும் சிரித்துவிட்டோம், அழுத முகத்தோடு அபிஷாவும். பிறகு நான் விடுப்பு, விட்டுப்போன பாடங்கள், எட்டாம் வகுப்பில் வரப்போகும் சிரமம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர்கள் இருவரும் கண்ணை எடுக்காமல் மெர்லினின் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டீச்சர் பள்ளியின் பங்கை முதலில் சொன்னார்: பாடம் சரியாகும்வரை சாப்பாட்டு நேரத்தில் நான் அவளோடு உட்காருவேன். வெளி வேலைகளை முடிந்தவரை சனிக்கிழமையில் வைத்துக்கொண்டால் மெர்லின் கூட வருவார். வீட்டிலிருந்து கேட்டது ஒன்றே ஒன்று, பள்ளி நாளில் அபிஷாவை எங்கேயும் கூட்டிப் போகக் கூடாது. வைகுண்டமணி தன் உள்ளங்கையில் இன்னொரு கையை ஓங்கி வைத்துக் காட்டினார். அதற்கு யாரும் எனக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆபரேஷன் நாளன்று அபிஷா ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன் என்று அடம்பிடித்தாள். செல்வியே அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டார். மத்தியானம் மெர்லின் எனக்குப் போன் செய்தார். நான் வகுப்புக்குப் போய் அவளை வராந்தாவுக்குக் கூப்பிட்டேன்.

“அம்மா நல்லா இருக்காங்க.”

“டாக்டர் என்ன சொன்னாருன்னு அப்படியே சொல்லுங்க சார். ஒண்ணும் விடாதீங்க.”

எனக்கு மெர்லின் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் நினைவுபடுத்திச் சொன்னேன். கட்டியை முழுவதும் எடுத்தாயிற்று. பார்ப்பதற்குக் கெட்ட கட்டியாகத் தெரியவில்லை, பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், முடிவு வந்தால்தான் உறுதி. சில நாள் பாரம் தூக்கக் கூடாது. அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு கேட்டாள். முடித்த பிறகு, “இவ்வளவுதானா?” என்றாள். “இவ்வளவுதான்” என்றேன். போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தவள், அந்தப் பாடவேளை முழுவதும் தலையைச் சாய்த்துத் தூங்கினாள். அறிவியல் டீச்சர் அவளை எழுப்பவில்லை. பரிசோதனை முடிவும் நல்லபடியாகவே வந்தது.

எல்லாப் பெற்றோர் கூட்டத்திலும் இப்படி ஒன்று வெளிவரும் என்று சொல்ல வரவில்லை. பெரும்பாலான கூட்டங்களில் வெளிவந்தது சின்னச் சின்ன விஷயங்கள்தான்: கண்ணாடி போட வேண்டிய பிள்ளை கடைசி பெஞ்சில் இருந்தது, பஸ்ஸில் எவனோ சீண்டுவதால் காலையில் வரப் பயந்தது. சிலர் கடைசிவரை வரவே இல்லை. நாங்கள் தேடிப் போயும் கதவைத் திறக்காதவர்கள் உண்டு. அவர்களுடைய பிள்ளைகளை எனக்கு என்னவென்றே தெரியாமல்தான் எட்டாம் வகுப்பு தாண்டி அனுப்பினேன். அந்த முகங்களும் நினைவில் இருக்கின்றன.

மறு வருடம் அபிஷா எட்டாம் வகுப்பு. கணக்கு மீண்டுவிட்டது. முதல் பருவக் கூட்டத்துக்கு மூவரும் வந்தார்கள். மெர்லினும் வந்திருந்தார். செல்வி உடம்பு தேறி, முகத்தில் களை வந்திருந்தது. இந்தத் தடவை அபிஷா நடுவில் உட்காராமல் ஓரத்தில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

நல்லதைச் சொல்லி முடித்த பிறகு, “எனக்கு ஒரு புகார் இருக்கு” என்றேன். காலாட்டல் நின்றது. அம்மாவும் அப்பாவும் முன்னால் சாய்ந்தார்கள்.

“வகுப்புல ஒரு நிமிஷம் சும்மா இருக்கதில்ல. முன்னாடி, பின்னாடி, பக்கத்துல எல்லாரிட்டயும் பேச்சு. நான் கரும்பலகைப் பக்கம் திரும்புனாப் போதும், தொடங்கிருவா. சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கு.”

மெர்லின் ஒன்றையும் விடாமல் கைகளால் சொன்னார்.  வைகுண்டமணி என்னைப் பார்த்து எதையோ கேட்டார்.

“சத்தமாவான்னு கேக்காரு சார்” என்றார் மெர்லின்.

“ஆமா. ரொம்பச் சத்தமா. ஆறாம் கிளாஸ் வரைக்கும் கேக்கும்.”

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். செல்வியும் மெர்லினின் கைகளைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். இருந்தாலும் வைகுண்டமணி அதை மறுபடி முதலிலிருந்து, தன் கையாலேயே, மனைவிக்குச் சொன்னார். இருவரும் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்கள்.

அபிஷா வெட்கத்தில் முகத்தைத் துப்பட்டாவால் மூடிக்கொண்டாள். “போதும் சார், விடுங்க” என்றாள்.

அவள் அப்பா விடவில்லை. இன்னொரு தடவை சொல்லச் சொன்னார்.